ஏழு எடத்துல அடிச்சேன்

மிக்ஸிய மேல வைக்காதீங்க சார். உசிலம்பட்டி வரைக்கும் ரோட்டக் கொத்திப் போட்டிருக்கான், குலுக்குற குலுக்குல யார் தலையிலயாவது விழுந்திரும். காலுக்கடியில வைங்க, நான் ஒதுங்கிக்கிறேன். கம்பம் பஸ்தான், சந்தேகமே வேணாம். ஆரப்பாளையத்துல நானே ரெண்டு பேர்கிட்ட கேட்டுட்டுத்தான் ஏறினேன்.

இருங்க, நீங்க எதுவும் சொல்லாதீங்க. உங்களப் பத்தி நானே சொல்றேன். வாத்தியார். ஹைஸ்கூல், கணக்குப் பாடம். ரெண்டு பொண்ணு. மூத்தவளக் கம்பத்துல கட்டிக் குடுத்திருக்கு. இது அவ வீட்டு மிக்ஸி, மதுரையில ரிப்பேர் பாத்துக் கொண்டுபோறீங்க. சரியா?

மிக்ஸி ரிப்பேர் கடையே உங்களோடதா? கல்யாணமே ஆகலையா? சரி, போகட்டும். ஆயிரத்துல மூணு பேரு இப்படித் தப்புவாங்க. பிழை வீதம்னு அதுக்கு ஒரு பேரே இருக்கு. அந்த மூணுல நீங்க ஒருத்தர், அவ்வளவுதான். அது நம்ம தப்பு ஆகாது.

ஏன் இவ்வளவு தைரியமாச் சொல்றேன்னா, என் தொழில் அது. ஞானசுந்தரம்னு பேரு. பேரச் சொன்னா யாருக்கும் தெரியாது, மதுரையில ஆராய்ச்சி பண்றவங்ககிட்ட ‘ஃபீல்டு சார்’னு சொல்லிப் பாருங்க, எந்திரிச்சு நிப்பாங்க. சமூகவியல் ஆராய்ச்சி சார். சர்வே. வீடு வீடாப் போய்க் கேள்வி கேட்டு எழுதுறது. இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. கக்கூஸ் சர்வே, ரேஷன் அரிசி சர்வே, டிவி பாக்குற சர்வே, எந்தச் சாமி கும்பிடுறீங்கன்னு ஒரு சர்வே. இந்த ஜில்லாவுல நான் தட்டாத கதவு கிடையாது. மொதப் பத்து வருஷம் கேள்வி கேட்டேன், அதுக்கப்பறம் மேற்பார்வையாளர். மத்தவங்க கேட்டு எழுதிக்கிட்டு வர்றத நான் பாத்துத் திருத்தணும். அவங்க எழுதுறது நீல மை. நான் திருத்துறது சிவப்பு மை. மேல உட்கார்ந்திருக்கிற பேராசிரியருக்குப் பச்சை மை. அவருக்கு அந்தப் பச்சையில கையெழுத்துப் போடுறதத் தவிர ஒரு எழவும் தெரியாது.

ஜனங்களப் பத்தி நான் ஒண்ணு சொல்றேன், மனசுல வச்சுக்குங்க. ஒருத்தனும் உண்மை சொல்ல மாட்டான். மேலூர்ப் பக்கம் ஒரு அம்மா. ‘உங்க வாழ்க்கை உங்களுக்குத் திருப்தியா இருக்கா, ஒண்ணுலருந்து அஞ்சுக்குள்ள ஒரு மார்க் போடுங்க’ன்னு கேக்குறேன். அது என்னய ஏற எறங்கப் பாத்துட்டு, ‘அஞ்சே போட்டுக்க சாமி, பாவம், வெயில்ல வந்திருக்க’ன்னுச்சு. என்னத்தச் சொல்ல? இன்னொருத்தன், ‘மூணுன்னு சொன்னா வீடு கட்ட லோன் குடுப்பீங்களா, ரெண்டுன்னு சொல்லணுமா’ன்னு கேக்குறான். இதத்தான் டெல்லியில அச்சடிச்சுப் புத்தகமாப் போடுறாங்க.

கேள்விய எழுதுறவங்க அதுக்கும் மேல. ஏசி ரூமுக்குள்ள உட்கார்ந்துகிட்டு, ‘உங்கள் இல்லத்தில் முடிவெடுப்பவர் யார்?’னு எழுதிக் குடுத்துட்டாங்க. கொண்டுபோய் அலங்காநல்லூர்ல கேட்டா, ‘எங்க வீட்ல முடியெடுக்கிறது எப்பவும் பழனியிலதாங்க, மூத்தவனுக்கு மூணு வயசுல எடுத்தோம், சின்னவனுக்கு இன்னும் எடுக்கல’ங்குது ஒரு பொம்பள. நாப்பது வீடு சார். நாப்பது வீட்லயும் பழனி, திருப்பதி, இருக்கன்குடின்னு எழுதிக்கிட்டு வந்திருக்குதுக, படிச்ச பிள்ளைக. நான் ஒருத்தன் இல்லேன்னா இந்த மாவட்டத்துல குடும்பத்த நடத்துறதே நாவிதர்தான்னு ரிப்போர்ட் போயிருக்கும். நாப்பதையும் அடிச்சு, ‘கணவர்’, ‘கணவர்’னு சிவப்புல நானே எழுதினேன். வேற யாரு முடிவெடுக்கப்போறா? இதப் போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கணுமா?

அதனாலதான் சொல்றேன். அனுபவம் வந்துட்டா வீட்டுக்குள்ள போகவே வேணாம் சார். வாசக்கோலத்தப் பாத்தாப் போதும், செருப்பு எத்தன சோடி கெடக்குன்னு பாத்தாப் போதும், பாதி படிவத்த நின்ன எடத்துலயே எழுதிரலாம்.

அப்படிப்பட்ட எனக்கு வந்த கெதியக் கேளுங்க.

போன ஆடியில ஒரு புது சர்வே எடுத்தோம். நாப்பது வயசுக்கு மேல உள்ள பொம்பளைங்க மனநிலை என்ன, வீட்ல எப்படி நடத்துறாங்க, யார்கூடப் பேசிப் பழகுறாங்க, இந்த மாதிரி. எல்லா வீட்லயும் கேக்க முடியாதுல்ல? தெரு வாரியா வீடுகளப் பட்டியல் போட்டு, பதினோரு வீட்டுக்கு ஒரு வீடு கேக்கணும். எந்த வீட்ல ஆரம்பிக்கிறதுங்கிறதுக்குச் சீட்டுக் குலுக்கிப் போடுறது. நாலுன்னு வந்துச்சு. நாலாவது வீடு, அப்பறம் பதினஞ்சு, இருபத்தாறு, முப்பத்தேழு. முப்பத்தேழாவது வீடு யாரு வீடுங்கிறீங்க? என் வீடு. பட்டியல் போட்டதே நான்தான். பெட்டிக்கடையையும் ஒரு வீடாச் சேத்திருந்தா பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கும். அப்பத் தோணல.

பேராசிரியர்கிட்டப் போய், ‘சார், முப்பத்தேழு பூட்டிக் கெடக்கு, அடுத்த வீட்டப் போட்டுக்கலாமா’ன்னேன். அருமைநாயகம்னு பேரு அவருக்கு. கண்ணாடியக் கழட்டிட்டு, ‘அது உங்க வீட்டு நம்பர்தானே? நேத்து போன் பண்ணினேன், அம்மாதானே எடுத்தாங்க’ங்குறார். ‘சீட்டு விழுந்தா விழுந்ததுதான் ஞானசுந்தரம், நம்ம வீடுன்னு தள்ளிவைக்க முடியாது’ன்னுட்டார். பெரிய நேர்மை. இவர் வீட்டுக்கு விழுந்திருந்தா தெரிஞ்சிருக்கும்.

சட்டப்படி என் வீட்ல நான் கேக்கக் கூடாது. கேக்கும்போது புருஷன் வீட்டுக்குள்ள இருக்கவும் கூடாது. அந்தச் சட்டத்த நானே கறாரா வச்சிருந்தவன். எரநூறு புருஷன்மார அவனவன் வீட்லருந்து வெளிய அனுப்பியிருக்கேன், ‘கொஞ்சம் டீ குடிச்சுட்டு வாங்கண்ணே’ன்னு. இப்ப நான் போய் எதுத்தாப்ல இஸ்திரி வண்டிக்காரன் பக்கத்துல நிக்கிறேன். உள்ள போனது நஸ்ரின்னு ஒரு பொண்ணு. எம்.ஏ. முடிச்சு ஒரு வருஷம்கூட ஆகல. குனிஞ்ச தலை நிமிராம எழுதும், கையெழுத்து முத்து முத்தா இருக்கும், அவ்வளவுதான். துருவிக் கேக்கத் தெரியாது.

மொத்தம் நாப்பத்தஞ்சு நிமிஷப் படிவம் சார் அது. என் பொண்டாட்டி ஜெயக்கொடிக்கு அரைமணி நேரம் போதும்னு நான் கணக்குப் போட்டிருந்தேன். அவ பேசவே மாட்டா. இருபத்தேழு வருஷக் குடித்தனத்துல அவ சேந்தாப்ல நாலு வாக்கியம் பேசி நான் கேட்டதில்ல. பதினோரு மணிக்குப் போச்சு அந்தப் பொண்ணு. பன்னெண்டாச்சு, வரல. ஒண்ணாச்சு, வரல. நான் மூணு டீ குடிச்சுட்டேன். இஸ்திரிக்காரன் என்னய ஒரு மாதிரிப் பாக்குறான். நடுவுல ஒருவாட்டி பொம்பள சிரிக்கிற சத்தம் கேட்டுச்சு. நல்ல வாய்விட்ட சிரிப்பு. பக்கத்து வீட்ல டிவி ஓடுதுன்னு நெனச்சேன். எங்க வீட்லருந்துதான்னு இஸ்திரிக்காரன் சொன்னான். அவனுக்கு என்ன தெரியும்?

ஒண்ணே முக்காலுக்கு வெளிய வருது. கையில ஒரு டப்பா. ‘அம்மா அதிரசம் குடுத்தாங்க சார்’ங்குது. பதில் சொல்றவங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்.

சாயங்காலம் படிவம் என் மேசைக்கு வந்துச்சு. எண் எரநூத்திப் பதினேழு. எல்லாப் படிவமும் என் கைக்கு வந்துதான் ஆகணும், அது முறை. என் வீட்டுப் படிவம்னு தனிச் சலுகை எதுவும் நான் குடுக்கல. மத்ததத் திருத்துற மாதிரிதான் திருத்தினேன்.

நாலாவது கேள்வி, குடும்பத் தலைவர் யாரு? சாதாரணக் கேள்வி. ரேஷன் கார்டுல இருக்கிற ஆளச் சொல்லணும். அதுக்கு, ‘அப்படி ஒருத்தர் இல்லை’ன்னு எழுதியிருக்கு. நான் இஸ்திரி வண்டிப் பக்கத்துல கல்லு மாதிரி நிக்கிறேன், நான் இல்லையாம்! அடிச்சேன். ‘கணவர்’னு எழுதினேன். வீட்ல என்ன சமைக்கிறதுன்னு முடிவு பண்றது யாருன்னா ‘கணவர்’னு சொல்லியிருக்கா. கரண்டி புடிக்கிறது அவ, முடிவு நானா? அதையும் அடிச்சு ‘மனைவி’ன்னு போட்டேன். பாத்துக்குங்க, அவளுக்குச் சேர வேண்டியத அவளுக்கே சேத்திருக்கேன், ஓரவஞ்சனை எதுவும் கிடையாது. திருப்திக்கு அஞ்சுக்கு ரெண்டு போட்டிருந்தா. நாலாக்கினேன். அஞ்சு போட்டா சந்தேகம் வரும்.

இப்படி மொத்தம் ஏழு எடத்துல அடிச்சேன். ஒவ்வொரு அடிக்கும் பக்கத்துல என் இனிஷியல் போட்டேன். மறைச்சு வச்சுப் பண்ணல.

அதோட விட்டிருக்கணும். நான் ஒரு கிறுக்கன், முறைப்படி போறவன். பத்துப் படிவத்துக்கு ஒண்ண மேற்பார்வையாளர் நேர்ல போய்ச் சரிபாக்கணும். வந்து கேட்டாங்களா, எவ்வளவு நேரம் இருந்தாங்க, இன்ன கேள்விக்கு என்ன சொன்னீங்கன்னு விசாரிக்கணும். எப்படியும் வீட்டுக்குத்தானே போறோம்னு எரநூத்திப் பதினேழ எடுத்துட்டுப் போனேன். மறுநாள் காலையில முருங்கக்கீரை ஆய்ஞ்சுகிட்டிருந்தா. எதுத்தாப்ல உட்கார்ந்து, ‘நேத்து உங்க வீட்டுக்கு ஆய்வாளர் யாராவது வந்தாங்களா?’ன்னேன். படிவத்துல அப்படித்தான் இருக்கு, அப்படித்தான் கேக்கணும்.

அவ என்னயப் பாத்தா. கையத் தொடச்சுக்கிட்டு, என் மடியிலருந்து படிவத்த எடுத்தா. உள்ள போய்க் கண்ணாடி போட்டுக்கிட்டு வந்து உட்கார்ந்தா. பதினோரு பக்கம் சார், ஒரு பக்கம் விடாமப் படிச்சா. எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு, எரிச்சலா இருந்துச்சு. கடைசிப் பக்கத்த மூடிட்டு, ‘நான் சொன்னத யாரு அடிச்சது?’ன்னா.

‘நான்தான். மேற்பார்வையாளர்னா நான்தானே?’

‘அது நான் சொன்னது.’

‘சொன்னதெல்லாம் பதில் ஆயிராது ஜெயக்கொடி. முன்னுக்குப் பின் முரண் இருக்கு. ரெண்டாவது கேள்வியில கணவர் கூட இருக்கார்னு சொல்லிட்டு, முப்பத்தொண்ணுல வேற மாதிரிச் சொன்னா கம்ப்யூட்டர் ஏத்துக்காது’ன்னு பொறுமையா விளக்கினேன். ஆய்வாளருங்களுக்கு வகுப்பெடுக்கிறப்ப விளக்குற மாதிரியேதான் விளக்கினேன். அவ கீரைய ஆய்ஞ்சு முடிச்சா. நான் ஆபீஸ் போயிட்டு மத்தியானம் வந்தா சோறு இருக்கு, ரசம் இருக்கு, கீரைப் பொரியல் இருக்கு, ஆள் இல்ல. சின்னமனூர்ல அவ தம்பி வீட்டுக்குப் பஸ் ஏறிட்டா. பொரியல் நல்லாத்தான் இருந்துச்சு. ஆடி மாசம், அம்மன் கோயிலுக்குப் போயிருப்பா, ரெண்டு நாள்ல வருவான்னு நெனச்சுக்கிட்டேன்.

அன்னைக்குச் சாயங்காலம் மச்சினன் போன் பண்றான். வீரபத்ரன்னு பேரு, உரக்கடை வச்சிருக்கான், எதுக்கெடுத்தாலும் மூக்குக்கு மேல கோவம் வரும். ‘மச்சான், அடிச்சுட்டீங்களாமே, அக்கா சொல்லுச்சு’ங்குறான்.

எனக்கு ஆத்திரமா வந்துச்சு. ஆபீஸ் விஷயத்த இவ ஊர்ல போய் ஒப்பாரி வச்சிருக்கா பாருங்க. ‘ஆமாப்பா, அடிச்சேன். தப்பா இருந்துச்சு, அடிச்சேன். பன்னெண்டு வருஷமா அடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன், இன்னைக்கு என்ன புதுசா’ன்னேன்.

அவன் ‘எத்தன அடி மச்சான்?’னு கேட்டான், கொரல் ஒரு மாதிரி இருந்துச்சு.

‘ஏழு எடத்துல. செவசெவன்னு தெரியிற மாதிரித்தான் அடிச்சிருக்கேன், பாக்குறவனுக்குத் தெரியணும்ல?’ன்னேன்.

போன வச்சுட்டான். எனக்கு ஒரு நாள் கழிச்சுத்தான் உறைச்சுது, அவன் எதக் கேட்டான், நான் எதச் சொன்னேன்னு. சிரிக்காதீங்க சார். நீங்க சிரிக்கிறீங்க, சின்னமனூர்ல என் பேரு நாறுது. இருபத்தேழு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவ மேல நான் கை வச்சது கிடையாது. சத்தம் போட்டது கிடையாது. சத்தம் போடணும்னா பேசணும்ல, நான்தான் வீட்ல பேசுறதே இல்லையே. அப்படிப்பட்ட என்னயப் போய்ப் பொண்டாட்டிய அடிக்கிறவன்னு ஒரு ஊரே பேசுது. ஓசூர்ல கம்பெனியில இருக்கான் என் மகன், அவன் போன் பண்ணி, ‘அப்பா, நீங்களா?’ங்குறான். அன்னைக்கு எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, மறைக்கல.

ஜெயக்கொடிக்கு நானே போன் போட்டேன். ‘ஏண்டி, உன் தம்பி என்னமோ நெனச்சுக்கிட்டிருக்கான், காகிதத்துலதான் அடிச்சாருன்னு ஒரு வார்த்த சொல்லிட வேண்டியதுதானே?’ன்னேன். ‘நான் சொன்னத அடிச்சீங்கதானே? அடிச்சாருன்னுதான் சொன்னேன்’ன்னா. அவ்வளவுதான், தம்பி பொண்டாட்டிகிட்டப் போனக் குடுத்துட்டா. இவ்வளவு பிடிவாதம் இவளுக்கு எங்கருந்து வந்துச்சுன்னு எனக்குப் புரியல.

இதுக்கு நடுவுல அந்த நஸ்ரின் பேராசிரியர்கிட்டப் போய், ‘அவங்க சொன்னத சொன்னபடி எழுதினேன், சார் அடிச்சுட்டார்’னு மனு குடுத்திருக்கு. அருமைநாயகம் பச்சை மைய எடுத்து, அவ சொன்னதே நிக்கட்டும்னு ஏழு எடத்துலயும் ‘இருக்கட்டும்’, ‘இருக்கட்டும்’னு எழுதிட்டார். என்னயக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிட்டார். ஓய்வு. இருபத்திரெண்டு வருஷம் அவருக்கு டாக்டர் பட்டம் வாங்கிக் குடுத்த கைக்கு.

அதனாலதான் இன்னைக்குப் போறேன். நாலு மணிக்கு மச்சினன் வீட்ல எல்லாரும் உட்கார்றாங்க. ஜெயக்கொடியோட பெரியப்பா வர்றார், ரெவின்யூ ஆபீஸ்ல ஆர்.ஐ.யா இருந்து ரிட்டயர்டு ஆனவரு. அந்த வார்டு கவுன்சிலர் அம்மா வர்றாங்க. ஞாயம் பேசப்போறாங்களாம். பேசட்டும். என்கிட்ட அத்தாட்சி இருக்கு. இந்தா பாருங்க, எரநூத்திப் பதினேழு, ஆபீஸ்லருந்து ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துட்டேன், கலர் ஜெராக்ஸ். ‘இதத்தானய்யா நான் அடிச்சேன், உங்க பொண்ண இல்ல’ன்னு நடுக்கூடத்துல தூக்கிப் போட்டா ஒரு பயலும் வாயத் தெறக்க முடியாது. நீங்களே பாருங்க. வெளியாள் நீங்க, பாத்துட்டு ஞாயத்தச் சொல்லுங்க. ஆண்டிபட்டிக் கணவாய் ஏறிட்டோம், இன்னும் நேரம் இருக்கு.

சிவப்பப் படிங்க சார். நீங்க ஏன் அடியில இருக்கிற நீலத்தப் படிக்கிறீங்க? அடிச்சதப் படிக்கக் கூடாது. அடிச்சாலும் எழுத்து தெரியத்தான் செய்யும், ஒத்தக் கோடுதான் போடணும், அது முறை.

சரி, படிங்க. ஆமா, அதான் முப்பத்தொண்ணு. ‘கடந்த ஏழு நாளில் நேருக்கு நேர் உட்கார்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் யாருடன் பேசினீர்கள்?’ அதுக்கு அவ சொன்னது, ‘இன்னைக்குத்தாம்மா. உங்ககூடத்தான்.’ அந்தப் பொண்ணு அப்படியே எழுதிருச்சு. அதுக்குக் கட்டமே கிடையாது சார் படிவத்துல. கேள்வி கேக்க வந்தவளப் பதிலா எழுத முடியுமா? அதான் ‘கணவர்’னு மாத்தினேன்.

அதுக்குக் கீழ முப்பத்தாறு. உங்க விருப்பத்தக் கணவர் கேட்டுத் தெரிஞ்சுக்குவாரா? ‘அவரு ஊரெல்லாம் கேள்வி கேப்பாரு. என்கிட்டச் சாப்பாடு ஆச்சான்னு கேப்பாரு.’ இது எகத்தாளம், பதில் கிடையாது. சாப்பாட்டப் பத்திக் கேக்குறதும் கேக்குறதுதானே? ‘ஆம்’னு போட்டேன். தப்பா?

கடைசிப் பக்கமா? அது ஒண்ணும் இல்ல. குடுங்க இங்க. ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா’ன்னு எல்லாப் படிவத்துலயும் ஒரு கேள்வி இருக்கும், யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க. ‘இல்லை’ன்னு எழுதிட்டு எந்திரிச்சு வந்துரணும். இதுல ‘மறுபடி எப்ப வருவீங்க?’ன்னு எழுதியிருக்கு. பதில் சொல்ல வேண்டியவங்க கேள்வி கேக்கலாமா சார்? அதனாலதான் அதையும் அடிச்சேன். அது ஏழாவது.

ஏன் சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டீங்க? ஏதாவது சொல்லுங்களேன். ஞாயத்தச் சொல்லுங்கன்னுதானே குடுத்தேன்.

தேனி வந்திருச்சு போல. ரெண்டு பேரு எறங்குறாங்க, காத்து வரட்டும், சன்னலத் தெறந்து விடுங்க.

இல்ல சார், நான் வேற ஒண்ணு யோசிச்சுக்கிட்டிருக்கேன். அந்தப் பெரியப்பா இருக்காரே, ஆர்.ஐ.யா இருந்தவரு. பட்டாவுல ஒரு எழுத்து அழிஞ்சிருந்தாக்கூட வெளிச்சத்துல புடிச்சுப் படிச்ச மனுஷன். அவரும் உங்கள மாதிரி நீலத்தத்தான் படிப்பாரு. அவருக்குக் கண்ணு சரியில்லேன்னு கவுன்சிலர் அம்மாகிட்டக் குடுப்பாரு, அது மைக்குல பேசிப் பழகின கொரலு, தெருவுக்கே கேக்குற மாதிரி வாசிக்கும். முப்பத்தொண்ணு, முப்பத்தாறு, கடைசிப் பக்கம். எல்லாம். மச்சினன் பொண்டாட்டி கதவுப் பக்கம் நின்னு கேப்பா. அத வாசிச்சு முடிச்சதுக்கப்பறம் நான் அங்க எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உட்கார்றது?

வேணாம் சார். இந்தாங்க, இத நீங்களே வச்சுக்குங்க. உங்க கடையில எதையாவது மடிக்கக் கொள்ளத் தேவைப்படும். கிழிச்சுப் போட்டாலும் சரிதான்.

அடிச்சேன்னு ஒத்துக்கிடப் போறேன். ஆமா, அடிச்சேன், கை நீட்டிட்டேன், புத்தி கெட்டுப் போச்சுன்னு சொல்லிட வேண்டியதுதான். அனுபவத்துல சொல்றேன், அதுதான் லேசு. திட்டுவாங்க, வாங்கிக்கலாம். ‘பொம்பளப்பிள்ள மேல கை வைக்கலாமா மாப்ள’ம்பாரு பெரியப்பா, நான் தலையக் குனிஞ்சுக்குவேன். மச்சினன் ரெண்டு தடவ எந்திரிப்பான், ரெண்டு தடவ உட்கார வைப்பாங்க. அப்பறம் காபி வரும். ‘இனிமே இப்படி நடக்காது’ன்னு நான் சொல்லணும், அவ பைய எடுத்துக்கிட்டுப் பின்னாடி வருவா, ஆறரை மணி மதுரை பஸ் இருக்கு. ஊர் ஒலகத்துல அடிச்சவனுக்கு ஒரு கட்டம் இருக்கு சார், டிக் போட்டு முடிச்சு விட்டுருவாங்க. இந்தக் காகிதத்துல இருக்கிறதுக்கு என்ன கட்டம் இருக்கு? ‘பிற, குறிப்பிடவும்’னு போட்டுட்டு, அந்தக் கோட்டுல நான் என்னத்தக் குறிப்பிடுறது? அதுக்கு யாரு வந்து சமாதானம் பேசுவா?

சின்னமனூர் வந்திருச்சு. விசிலடிச்சுட்டான். வர்றேன் சார், நல்லபடியாப் போய்ச் சேருங்க.

என்ன கேட்டீங்க? அதுக்கு அவங்க என்ன சொல்லுவாங்கன்னா? யாரு, ஜெயக்கொடியா? அவகிட்ட யாரு சார் கேக்கப்போறா?